வெள்ளைச் சுவரும் மச்சான் கயிறும்

அமலனின் வீட்டுக்குள் முதல் தடவையாக நுழைகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்.

"சாமான் எல்லாம் இன்னும் வந்து சேரலியோ?"

அவன் பெண்டாட்டி ரீனாவும் ஒரே பதிலைத் தயாராக வைத்திருந்தாள். "எல்லாம் வந்துச்சு. அவுகதான் திருப்பி அனுப்பிட்டாக."

தூத்துக்குடிக்கு வெளியே உப்பளத்து ஓரத்தில் இருந்தது அந்த வீடு. தூரத்திலிருந்து பார்த்தால் இன்னொரு உப்புக் குவியல் என்றுதான் தோன்றும். உள்ளே ஒரு நீள மேசை, சில முக்காலிகள், வெள்ளைச் சுவர். அவ்வளவுதான். காலையில் கிழக்கு ஜன்னல் வழியாக வெயில் வந்து சுவரில் ஏறும். ஏதோ யோசனையில் நடப்பது போல மெல்ல நகர்ந்து, மத்தியானத்தில் சொல்லிக்கொள்ளாமல் போய்விடும். அமலனுக்குப் படம், பூ ஜாடி, திரைச்சீலை எல்லாமே அந்த வெயில்தான்.

அமலன் திரேஸ்புரத்துப் பையன். வலைக்காரர் மகன். அகமதாபாத்தில் படித்து, புனேயில் வேலை பார்த்து, தலை நரைத்த பிறகு சொந்தக் கடற்கரைக்கே திரும்பி வந்தவன். பொருள்களுக்கு வடிவம் கொடுப்பது அவன் தொழில். எந்தப் பொருளைக் கையில் எடுத்தாலும் அவன் கேட்கும் கேள்வி ஒன்றுதான். இதிலிருந்து எதை எடுத்தால் இது செத்துப்போகாது?

அப்படி எடுத்து எடுத்துத்தான் அந்த வெள்ளை ஸ்டூல் பிறந்தது. பூ இல்லை, கோடு இல்லை, கம்பெனி பெயர்கூட இல்லை. இன்றைக்கு ஊர் ஊராக டீக்கடைகளில் அதன் மேல்தான் ஜனங்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், யார் செய்தது என்று தெரியாமலே. பிறகு கைப்பிடி இல்லாத கூஜா வந்தது. எண் இல்லாத கடிகாரம் வந்தது. "மணி என்னன்னு கேட்டா, சுமார் நாலுன்னுதான் சொல்ல முடியுது" என்று ரீனா அலுத்துக்கொண்டாலும் அது சமையலறையில்தான் தொங்கியது.

அவனைப் பார்த்துக் கெட்டுப்போன இளைஞர்கள் ஏராளம். சென்னையிலும் பெங்களூரிலும் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு மேசையைத் துடைத்துக் காலியாக வைத்திருந்தார்கள். அவர்களில் ஒருத்தன் தன் கல்யாணப் பத்திரிகையை அமலன் பாணியில் அடித்தான். இரண்டு பெயர், ஒரு தேதி. மண்டபத்தின் பெயர் இல்லாததால் வந்தவர்களில் பாதிப் பேர் ஊரைச் சுற்றிவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

இப்படி ஊருக்கெல்லாம் எடுக்கக் கற்றுக்கொடுத்தவன், தன் வீட்டில் எடுக்கக்கூடாத ஒன்றை எடுத்துவிட்டான்.

புது வீட்டைச் சாமியார் மந்திரித்த அன்றைக்கு ரீனாவின் அண்ணன், கடலில் சங்கு குளிக்கிற கஸ்பார், சீர் கொண்டுவந்தான். பித்தளைக் குத்துவிளக்கு, சேலை, பழத்தட்டு, இவற்றுக்கெல்லாம் மேலே இரண்டு பேர் தூக்கிவந்த ஒரு படம். பனிமய மாதா படம். வள்ளம் மாதிரி வளைந்த சட்டம். சட்டம் முழுக்கச் சிப்பியும் குட்டிச் சங்குமாகப் பதித்திருந்தது. அதைச் சுற்றி சீரியல் பல்ப். சுவிட்சைப் போட்டால் சிவப்பும் பச்சையும் நீலமுமாக ஓடும். பாட்டும் வரும். கஸ்பாரே முக்காலி போட்டு ஏறி, கூடத்தின் நடுச்சுவரில் ஆணி அடித்து மாட்டினான். இறங்கி நின்று பார்த்தான். அவன் கண் கலங்கியிருந்தது.

அமலன் ஒரு வாரம் பொறுத்தான். பிறகு படத்தைக் கழற்றித் துணியில் சுற்றிப் பரணில் வைத்தான். ஆணியைப் பிடுங்கினான். ஓட்டையைப் பட்டி வைத்து அடைத்து, தேய்த்து, வெள்ளையடித்தான். நல்ல வேலைக்காரன் அல்லவா, அடைத்த இடமே தெரியவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கஸ்பார் வந்தான். சுவரைப் பார்த்தான். கிட்டே போய், ஆணி இருந்த இடத்தை உள்ளங்கையால் தடவினான். ரீனா கொடுத்த காப்பியைக் குடித்தான். தம்ளரைக் கவிழ்த்து வைத்தான். போனான். அதற்குப் பிறகு மாதா கோவில் திருவிழா இரண்டு தரம் வந்து போய்விட்டது. கஸ்பார் மட்டும் அந்த வீட்டுப் படியேறவில்லை.

"ஒரு மன்னிப்பு கேட்டுட்டு வாங்களேன்" என்பாள் ரீனா.

"படம் சுவருக்குப் பெருசு. அதச் சொன்னா புரிஞ்சுக்கணும்."

"சுவருக்குப் பெருசா, உங்களுக்குப் பெருசா?"

அமலன் பேச்சை மாற்றுவான்.

அந்த இரண்டு வருஷமும் அவன் செய்துகொண்டிருந்தது ஒரு வளையம். சங்கு குளிக்கிறவர்கள் மேல்கையில் போட்டுக்கொள்ளும் வெள்ளை வளையம். பொத்தான் கிடையாது, திரை கிடையாது. அது பாட்டுக்கு மூச்சைக் கவனித்துக்கொண்டிருக்கும். மூச்சு தாறுமாறானால் ஒரு மிதவை ஊதிக்கொண்டு ஆளை மேலே இழுக்கும். படகில் இருக்கிற சின்னப் பெட்டி மினுக்கி மினுக்கிக் கத்தும். இப்போதெல்லாம் எங்கிருந்தோ பிழைக்க வந்தவர்களும் கடலில் இறங்குகிறார்கள். காற்றுக் குழாயைப் பல்லில் கடித்துக்கொண்டு கீழே போகிறவனை மேலே இருந்து கவனிக்கச் சொந்தக்காரன் இல்லை. அவர்களுக்காகத்தான் இது.

அதைச் செய்து விற்கக் கம்பெனி தயாராக இருந்தது. அமலன்தான் தயாராக இல்லை. தான் செய்த எதையும் தானே பயன்படுத்திப் பார்க்காமல் அவன் வெளியே விட்டதில்லை. ஸ்டூலில் மாதக்கணக்கில் உட்கார்ந்தான். கூஜாவைக் கோடை முழுக்கச் சுமந்தான். வளையத்தை மாட்டிக்கொண்டு தானே கடலில் இறங்கவேண்டும் என்றான். இறங்கத் தெரியாதவனும் இல்லை. கல்லூரி விடுமுறைகளில் சங்கு குளித்துத்தான் பஸ்ஸுக்குக் காசு சேர்த்தான்.

திரேஸ்புரத்தில் படகு வைத்திருக்கும் லிங்கராஜிடம் போனான். லிங்கராஜ் அமலனின் ஸ்டூலில் உட்கார்ந்துதான் டீ குடித்துக்கொண்டிருந்தான். அதில் அவன் மகள் சிவப்பு பெயின்டில் ரோஜாப்பூ வரைந்திருந்தாள். அமலன் அந்தப் பக்கம் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டான்.

"கூட்டிட்டுப் போறேன் அண்ணாச்சி. அதுக்கென்ன" என்றான் லிங்கராஜ். "கயிறு யாரு புடிக்கா?"

"கயிறே வேண்டாம் லிங்கராஜ். அதுக்குத்தான் இந்த வளையம்."

"வளையம் இருக்கட்டும். படகுல யாரு இருக்கா?"

"நீரு இருக்கீரே."

லிங்கராஜ் தம்ளரைக் கீழே வைத்துவிட்டான். "நல்லாக் கேட்டீரு போம்! கஸ்பார் அண்ணன் உசிரோட இருக்கையில உமக்கு நான் காவல் இருந்தா, அவரு செத்துட்டாருன்னு நானே ஊருக்குச் சொன்ன மாதிரி ஆயிராதா? நாளைக்கு அந்த மனுசன் மூஞ்சியில எப்படி முழிப்பேன்?"

அந்தக் கடற்கரையில் அப்படித்தான். முத்துக் குளித்த காலத்திலிருந்தே கீழே போகிறவனின் கயிற்றைப் பெண்டாட்டியின் அண்ணனோ தம்பியோதான் பிடிப்பான். கூடப்பிறந்தவளின் தாலி அவன் கைக்குள் இருக்கிறது. அவன் கண் அசராது. முத்து போய்ச் சங்கு வந்தது, மூச்சடக்குவது போய்க் காற்றுக் குழாய் வந்தது, கயிறு மட்டும் மச்சான் கையை விட்டுப் போகவில்லை. அமலன் ரீனாவைக் கல்யாணம் செய்த மறுவாரமே கஸ்பார் ஒரு புதுக் கயிற்றோடு வாசலில் நின்றான். ஒரே வகுப்பில் படித்து "ஏலே" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவன், அன்றைக்குத்தான் முதன்முதலாக மரியாதைக்கு மாறினான். "மாப்ள, இனி உம்ம கயிறு என் கையில."

அமலன் கரையோரமாக இன்னும் சிலரைக் கேட்டுப் பார்த்தான். ஒருவன் என்ஜின் ரிப்பேர் என்றான். ஒருவன் மாமியாருக்குக் காய்ச்சல் என்றான். கடைசி ஆள் உண்மையையே சொன்னான். "உங்க மச்சான் சண்டையத் தீத்துட்டு வாங்க சார்."

கஸ்பார் வலைக்கூடத்து நிழலில் ஒரு ஹோஸைத் துடைத்துக்கொண்டிருந்தான். அமலன் வந்து நின்றதும் நிமிர்ந்து பார்த்துவிட்டு, பக்கத்தில் படுத்திருந்த நாயிடம் பேசினான்.

"என்னடே, பெரிய மனுசங்க எல்லாம் இங்கன வாராவ. வழி தவறிட்டாவளோ?"

"மச்சான், ஒரு தரம் கடலுக்கு வரணும்."

"கயிறு வேண்டாம்னு ஒரு வளையம் செஞ்சிருக்காராமே. ஊரே பேசுது" என்றான் கஸ்பார் நாயிடம். "கயிறு வேண்டாம்னா மச்சானும் வேண்டாம்தான? சுவத்துல இருந்து கழட்டின மாதிரி படகுல இருந்தும் கழட்டியாச்சு."

"மச்சான் இல்லாதவங்களும் இறங்குதாங்க. அவங்களுக்காகச் செஞ்சது."

"இவருக்குத்தான் இருக்கானே ஒருத்தன்!"

நாய் எழுந்து போய்விட்டது. கஸ்பாருக்குப் பேச ஆள் இல்லாமல் போயிற்று. அவன் ஹோஸைச் சுருட்டினான், பிரித்தான், மறுபடி சுருட்டினான். அமலன் நகரவில்லை. மன்னிப்பு தொண்டை வரை வந்தது. அது எப்போதும் அங்கேயே நின்றுவிடும்.

"ரீனாவுக்குத் தெரியுமா, இவரு இறங்கப் போறது?" என்று கஸ்பார் காற்றைப் பார்த்துக் கேட்டான்.

"தெரியும். நீங்க வரலேன்னா விடமாட்டேன்னுட்டா."

கஸ்பார் ஹோஸைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தான். "என் தங்கச்சிக்காக வாரேன். பேச்சுவார்த்தை ஒண்ணும் கிடையாது."

விடிகிற நேரத்தில் படகு கிளம்பியது. துறைமுகத்து ராட்சசக் கிரேன்கள் பனி மூட்டத்தில் கழுத்து நீட்டி நின்றன. அனல் மின் நிலையத்துப் புகைபோக்கிகள் ஏதோ கனவில் பார்த்தது போல மங்கலாகப் பின்னால் போயின. கடலும் வானமும் ஒரே நிறமாக இருந்தன. நடுவில் கோடு இல்லை. யாரோ எடுத்துவிட்டிருந்தார்கள்.

கஸ்பார் சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். எல்லாம் லிங்கராஜ் மூலமாகத்தான்.

"லிங்கராஜ், அந்த ஈயப் பட்டைய இறுக்கிக் கட்டச் சொல்லு. வயித்துக்கு மேல ஏறி நிக்கி."

"அண்ணாச்சி, பட்டைய இறுக்கிக் கட்டணுமாம்."

"எனக்குக் கேட்டுது" என்றான் அமலன்.

"கேட்டுச்சாம் அண்ணே."

"கயிறு கட்டாம இறங்கக்கூடாதுன்னு சொல்லு. வளையமோ கிளையமோ, கயிறு இடுப்புல இருந்தாத்தான் படகு நிக்கும்."

லிங்கராஜ் வாயைத் திறப்பதற்குள் அமலன் கையைத் தூக்கிவிட்டான். கஸ்பார் எழுந்து வந்தான். முகத்தைப் பார்க்காமல், மூச்சுக்கூட மேலே படாமல், மாப்பிள்ளையின் இடுப்பில் முடிச்சுப் போட்டான். பழைய முடிச்சு. இழுத்துச் சரிபார்த்த கை ஒரு கணம் அங்கேயே நின்றது. பிறகு போய்விட்டது.

காற்று மிஷின் தடதடத்தது. அமலன் குழாயைப் பல்லில் கடித்தான். வெள்ளை வளையத்தைத் தொட்டுப் பார்த்தான். இறங்கினான்.

முதலில் மிஷின் சத்தம் போயிற்று. அப்புறம் நிறங்கள் ஒவ்வொன்றாகப் போயின. சிவப்பு போயிற்று, மஞ்சள் போயிற்று, கடைசியில் பச்சையும் நீலமும் கலந்த ஒன்று மட்டும் மிஞ்சியது. பாதம் மணலைத் தொட்டபோது கனமும் போய்விட்டது.

அமலன் மணலில் உட்கார்ந்தான்.

எத்தனை பெரிய கூடம்! சுவரே இல்லை. தரை முழுக்க மணல், அதன் மேல் வெளிச்சம் சல்லடையாக அசைந்துகொண்டிருந்தது. ஒரு வெள்ளி மீன் கூட்டம் ஒரே மனதாக வந்து, அவனைப் பார்த்து, ஒரே மனதாகத் திரும்பிப் போயிற்று. இங்கே எடுப்பதற்கு ஒன்றும் இல்லை. ஆயுசு முழுக்க எந்த அறையைக் கட்ட முயன்றானோ, அந்த அறை இத்தனை நாளும் இங்கே சும்மா இருந்திருக்கிறது. மூச்சு உள்ளே போய் வெளியே வந்தது. வளையம் அதைக் கேட்டுக்கொண்டு அமைதியாக இருந்தது. குறையில்லாத பொருள். தொல்லை செய்யாத பொருள். கண்ணைத் திறந்துகொண்டே தூங்கலாம் போலிருந்தது. இப்படியே இருந்துவிட்டால் என்ன?

விரல்கள் மணலை அளைந்தன. ஏதோ தட்டுப்பட்டது. எடுத்துப் பார்த்தான். நகத்தளவு குட்டிச் சங்கு. ஒன்றுக்கும் உதவாதது என்று குளிப்பவர்கள் விட்டுவிட்டுப் போகிற ரகம். அதை அவன் எங்கேயோ பார்த்திருக்கிறான். வரிசை வரிசையாக, வள்ளம் மாதிரி வளைந்த ஒரு சட்டத்தில்.

அப்படியானால் கஸ்பார் அவற்றைக் கடையில் வாங்கவில்லை. விலை போகிற சங்கைத் தேடவேண்டிய நேரத்தில், இந்தக் கூடத்தில் இதே மாதிரி குனிந்து, தங்கச்சி வீட்டுக்கு என்று ஒவ்வொன்றாகப் பொறுக்கியிருக்கிறான். எத்தனை தரம் இறங்கியிருப்பான்? அந்தப் படம் பரணில் முகம் கவிழ்ந்து கிடக்கிறது.

அப்போது இடுப்பில் கயிறு அசைந்தது.

ஒரு இழுப்பு. இருக்கீரா?

அமலன் ஒன்று இழுத்துப் பதில் சொன்னான். இருக்கேன்.

கொஞ்ச நேரம் சும்மா இருந்தது. மறுபடி ஒரு இழுப்பு. இருக்கேன் என்றான். மறுபடி ஒன்று, இந்தத் தடவை கொஞ்சம் அழுத்தமாக. பேசமாட்டேன் என்றவன் இது மட்டும் பேச்சில் சேராது என்று நினைத்துக்கொண்டான் போலிருக்கிறது. அமலனும் வேண்டுமென்றே தாமதித்து, ஒரு குறும்பு இழுப்பு இழுத்தான். அவ்வளவுதான். கயிறு பொரிந்து தள்ளிவிட்டது. நீளமாக ஒன்று, வெடுக் வெடுக்கென்று இரண்டு, குலுக்கலாக ஒன்று. எந்தக் கணக்கிலும் சேராத இழுப்புகள். அதெல்லாம் வசவு. இரண்டு வருஷத்துக்குச் சேர்த்துவைத்த வசவு. சுவத்துல மாட்டினா உமக்கு என்னவே கொள்ளை! காப்பி குடிச்சிட்டுப் போனேனே, பின்னாலயே ஓடி வந்திருக்கவேண்டாமா! கடலுக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு, இடுப்பால் திட்டு வாங்கிக்கொண்டிருந்தான் அமலன்.

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

தண்ணீருக்கடியில் சிரிக்கக்கூடாது. குழாய் பல்லிலிருந்து நழுவியது. குபுகுபுவென்று குமிழ்கள் கிளம்பின. அதுவரை அமைதியாக இருந்த வளையம் இதைப் பார்த்து, ஆள் போய்விட்டான் என்று முடிவு கட்டிவிட்டது. மிதவை படீரென்று ஊதிக்கொண்டு அவன் கையைத் தூக்கிப் பிடித்து, வகுப்பில் பதில் தெரிந்த பையன் மாதிரி, மேலே கொண்டுபோயிற்று.

நீர் உடைந்து வெயில் கண்ணில் அடித்தது. படகில் பெட்டி கத்திக்கொண்டிருந்தது. லிங்கராஜ் கத்திக்கொண்டிருந்தான். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு குரல் கேட்டது.

"மாப்ள! ஏ மாப்ள! அமலா! ஏலே!"

கஸ்பார் படகின் விளிம்பில் பாதி உடம்பை வெளியே போட்டுக் கயிற்றைச் சுருட்டி இழுத்துக்கொண்டிருந்தான். அக்குளுக்குள் கையைக் கொடுத்து அமலனைத் தூக்கி உள்ளே போட்டான். கன்னத்தில் தட்டினான். நெஞ்சில் காதை வைத்தான். நெஞ்சு குலுங்கிக்கொண்டிருந்தது.

"என்னவே செய்யுது? மூச்சு வாங்குதா?"

"இல்ல மச்சான்" என்றான் அமலன், இருமிக்கொண்டே. "சிரிக்கேன்."

"சிரிக்கீரா! இங்க என் ஈரக்குலையே அத்து விழுது, கீழ உக்காந்து சிரிச்சிட்டா இருந்தீரு?" கஸ்பார் அவன் தோளில் ஒரு அடி வைத்தான். பலமான அடி. பிறகு அந்தக் கையை எடுக்கவில்லை.

லிங்கராஜ் பெட்டியை நிறுத்தினான். "அண்ணாச்சி, உம்ம வளையம் பாஸாயிட்டு!" என்றான்.

அதை யாரும் காதில் வாங்கவில்லை. அமலன் இறுக மூடியிருந்த உள்ளங்கையைத் திறந்தான். குட்டிச் சங்கு ஈரத்தில் மின்னியது. தொண்டையில் நின்றது இப்போது நிற்கவில்லை.

"படத்தக் கழட்டினது தப்பு மச்சான்."

கஸ்பார் சங்கைப் பார்த்தான். வேகமாக எங்கேயோ பார்த்தான்.

"கழட்டினது போகட்டும்வே. உம்ம வீடு, உம்ம ரசனை. ஓட்டைய அடைச்சீரு பாரும், அதான் எனக்குத் தாங்கல. என்னைக்காவது திருப்பி மாட்டுவோம்னு ஒரு நெனப்பு இருந்திருந்தா ஓட்டைய விட்டு வச்சிருப்பீருல்லா? கையால தடவிப் பாக்கேன், வழவழன்னு இருக்கு. நான் அங்கன வந்ததே இல்லங்கிற மாதிரி."

அமலனின் வீட்டில் துளைபோடும் மிஷின் இருந்தது.

அன்று மத்தியானமே அவன் முக்காலி போட்டு ஏறினான். அடைத்த இடம் தெரியாததால் சுவரைத் தடவித் தடவித் தேடவேண்டியிருந்தது. அவ்வளவு நன்றாக அடைத்திருந்தான். கீழே நின்ற ரீனா, "அங்கன இல்ல, கொஞ்சம் இடது பக்கம்" என்றாள். தினமும் அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்குத்தானே தெரியும்.

வளையத்தையும் ஒரு தரம் மேசைக்குக் கொண்டுபோனான். எடுப்பதற்கு இன்னும் ஒன்று மிச்சம் இருந்தது. விளிம்பில் கொஞ்சம் பிளாஸ்டிக்கை எடுத்து ஒரு துவாரம் போட்டான். கயிறு நுழைகிற அளவு. கம்பெனிக்காரர்கள் போன் செய்து, "இது எதுக்கு சார்?" என்று கேட்டார்கள். "மச்சான் இருக்கறவங்களுக்கு" என்றான். அவர்களுக்குப் புரியவில்லை. ஆனால் அமலன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கஸ்பார் வந்தான். கையில் அமலன் கொடுத்தனுப்பிய புது வளையம் பளபளத்தது. வழியெல்லாம் கண்டவர்களிடம் "எங்க மாப்ள செஞ்சது" என்று காட்டிவிட்டு வந்திருப்பான். கூடத்தில் நுழைந்ததும் நின்றான். நடுச்சுவரில் மாதா இருந்தாள். ரீனா சுவிட்சைப் போட்டாள். சிவப்பு, பச்சை, நீலம். பாட்டும் வந்தது.

கஸ்பார் தலையைச் சாய்த்து இந்தப் பக்கம் பார்த்தான், அந்தப் பக்கம் பார்த்தான்.

"மாப்ள, இது கொஞ்சம் பெருசாத்தான் இருக்கு, என்ன?"

"இருக்கட்டும் மச்சான்."

"பல்ப வேணும்னா கழட்டிருவமா? கண்ணக் கூசுது."

"ஒண்ணையும் கழட்ட வேண்டாம்."

"பாட்ட மட்டுமாச்சும் நிறுத்துங்கப்பா!" என்றாள் ரீனா.

பாட்டு நின்றது. வெளியே உப்புக் குவியல்கள் மங்கிக்கொண்டிருந்தன. காலியான வெள்ளைச் சுவர்களில் வெளிச்சம் பச்சையாகவும் நீலமாகவும் மெல்ல ஏறி இறங்கியது. தரையெல்லாம் சல்லடையாக அசைந்தது. அமலனுக்கு மறுபடி மணலில் உட்கார்ந்திருப்பது போலிருந்தது. பேச்சு எதுவும் காதில் விழவில்லை. கனமில்லாமல், கண்ணைத் திறந்துகொண்டே, எங்கேயோ போய்க்கொண்டிருந்தான்.

சட்டை நுனியை யாரோ இழுத்தார்கள்.

பக்கத்து முக்காலியில் கஸ்பார் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். கை மட்டும் அமலனின் சட்டையைப் பிடித்திருந்தது.

அமலனும் திரும்பிப் பார்க்கவில்லை. கையை நீட்டி, மச்சானின் சட்டையை ஒரு தரம் இழுத்தான்.